பழைய 12 போர் துப்பாக்கியின் வயது: முதலில் முத்திரை, கடைசியில் எண்

வீட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தால், அது எந்த வருஷத்தது என்று தெரிந்துகொள்ள எல்லாரும் முதலில் தேடுவது சீரியல் நம்பரைத்தான். நம்பரைச் சொன்னால் வருஷம் வந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. பிற்காலத்து பிரௌனிங் போன்ற சிலவற்றுக்கு அது சரிதான். ஆனால் நம் பக்கத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக லைசென்ஸில் இருந்துவருபவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்துத் துப்பாக்கிகள். 1870-க்கும் 1940-க்கும் நடுவே பர்மிங்காமிலோ லண்டனிலோ செய்யப்பட்ட அவற்றின் எண்ணில் வருஷம் கிடையாது. தயாரித்தவர் வைத்திருந்த பேரேட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் காட்டும். பேரேடு அழிந்துபோயிருந்தால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

வருஷத்தைச் சொல்வது குழலின் அடியில் அடித்திருக்கும் ப்ரூஃப் முத்திரைகள். தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைக் குழல் தாங்குமா என்று அரசு விதிப்படி சோதித்து அடிக்கும் முத்திரை அது. விதிகள் மாறும்போதெல்லாம் முத்திரையும் மாறியது; எந்த விதி எந்த வருஷம் வந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. அதனால் முத்திரையைப் பார்த்துக் காலத்தை ஒரு வரம்புக்குள் கொண்டுவந்து, அமைப்பையும் முகவரியையும் வைத்து அந்த வரம்பைச் சுருக்கி, கடைசியாக எண்ணிடம் போவதே சரியான வழி.

தொடுவதற்கு முன்

துப்பாக்கி யார் லைசென்ஸில் இருக்கிறதோ அவர் முன்னிலையில், அவர் வீட்டிலோ லைசென்ஸ் உள்ள டீலர் கடையிலோ வைத்துத்தான் பார்க்க வேண்டும். "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கையில் கொடுத்து அனுப்புவது இரண்டு பேரையும் வம்பில் மாட்டிவிடும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பதும் நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். மங்கிப்போன எண்ணை "தெளிவாக்க" உளியாலோ எழுத்து அடிக்கும் 'பஞ்ச்' கருவியாலோ மேலே போட்டுக் குத்துவதும் மாற்றுவதுதான். படிக்க முடியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

கையில் வாங்கியதும் லீவரைத் தள்ளிக் குழலை மடக்குங்கள். இரண்டு அறையும் காலி என்பதைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பாருங்கள். சுத்தியல் வெளியே தெரியும் பழைய மாடலாக இருந்தால் மடக்குவதற்கு முன் இரண்டு சுத்தியலும் பாதி ஏற்றத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொடக்க காலத்து சென்டர்ஃபயர் வகையில் (தோட்டாவின் அடி நடுவில் தட்டி வெடிக்கும் வகை) சுத்தியல் கீழே இருக்கும்போது பலவந்தமாகத் திறந்தால், தோட்டாவைத் தட்டும் ஸ்ட்ரைக்கர் ஊசியின் முனை வளையும்.

பிறகு முன்கட்டையை, அதாவது குழலின் அடியில் கையால் பிடிக்கும் மரத்தை, கழற்ற வேண்டும். அதன் நுனியில் பித்தான் இருந்தால் அழுத்துங்கள். அடியில் சிறு தாழ் இருந்தால் இழுங்கள். குறுக்கே ஆப்பு இருந்தால் மரத்துண்டால் மெதுவாகத் தட்டித் தள்ளுங்கள். முன்கட்டை வந்ததும் லீவரைத் தள்ளி மடக்கினால் குழல் கழன்றுவிடும். இதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஆக்‌ஷனில் உள்ள திருகு எதையும் தொட வேண்டியதில்லை (குழலின் பின்னே, இயந்திரப் பாகங்கள் இருக்கும் இரும்புப் பகுதிதான் ஆக்‌ஷன்). அவற்றின் தலையில் உள்ள பள்ளம் மிகக் குறுகலானது. கடையில் வாங்கிய ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் விழும் கீறல் துப்பாக்கியின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

இப்போது குழலைத் தலைகீழாக மேஜையில் ஒரு துண்டின் மேல் வையுங்கள். பின்முனையில், துருத்தி நிற்கும் லம்ப்புகளுக்கு இரு புறமும் தட்டையான பரப்பு இருக்கும். பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேதான். பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து, கறுப்புப் பிசினாய் அப்பியிருக்கும். தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த பழைய பருத்தித் துணியை அதன்மேல் போட்டு ஒரு மணிநேரம் விடுங்கள். பிறகு மென்மையான பல் தூரிகையால் தேய்த்து, எழுத்தின் உள்ளே இருக்கும் அழுக்கை மரப் பல்குத்தியால் எடுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், பித்தளை பாலீஷ் எதுவும் கூடாது. இவை அழுக்கோடு சேர்த்து முத்திரையின் கூர் விளிம்பையும் எடுத்துவிடும். விளிம்பு போனால் கிரீடம் எது, செங்கோல் எது என்று தெரியாது.

வெளிச்சம் நேர்மேலிருந்து விழுந்தால் எழுத்து மறைந்துபோகும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒரு தடவை இடமிருந்து, ஒரு தடவை வலமிருந்து, ஒரு தடவை குழல்வாய்ப் பக்கமிருந்து பிடித்து மூன்று படம் எடுங்கள். ஒரு படத்தில் 3 போலத் தெரிவது மற்றதில் 8 என்று தெரியவரும். அப்படியும் தெரியாவிட்டால் டால்கம் பவுடரைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். பட்டர் பேப்பரை வைத்து மென்பென்சிலால் தேய்த்து எடுக்கும் படிவம் பல நேரம் போட்டோவைவிட நன்றாக வரும்.

எது சீரியல் நம்பர்?

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். குழலின் அடியில் எண்கள் நிறைய இருக்கும். 12 என்றும் 13/1 என்றும் இருப்பவை போர் அளவு, அதாவது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண். 28, 30 என்று இருந்தால் பெரும்பாலும் குழலின் நீளம், அங்குலத்தில். 1⅛ என்பது ரவையின் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளின்) எடை, அவுன்ஸில். "பேட்டன்ட்" என்ற சொல்லை ஒட்டி வரும் எண் காப்புரிமைக்கான பயன்பாட்டு எண். குழலின் மேல் ரிப்பிலும் (இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டை) லீவரிலும் தங்கத்தில் 1 அல்லது 2 என்று மட்டும் பதித்திருந்தால், அது ஜோடியாகச் செய்த இரண்டில் எது என்பதைச் சொல்கிறது.

சீரியல் நம்பர் பெரும்பாலும் ட்ரிகர் கார்டின் (விசையைச் சுற்றிய இரும்பு வளையத்தின்) நீண்ட வாலில், மரத்தோடு படிந்து கிடக்கும் பகுதியில் இருக்கும். அதே எண் குழலின் தட்டைப் பரப்பிலோ லம்ப்பிலோ, முன்கட்டையின் உள்ளே இருக்கும் இரும்பிலோ மறுபடியும் வரும். மூன்று இடத்திலும் ஒரே எண் இருந்தால் நிம்மதி. குழலில் உள்ளது மட்டும் வேறாக இருந்தால் குழல் வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பர்மிங்காமில் ஒரு பட்டறை செய்ததைப் பல ஊர்க் கடைகள் தங்கள் பெயர் போட்டு விற்றன. பட்டறை தன் எண்ணைக் குழலின் அடியில் அடிக்கும். விற்ற கடை தன் எண்ணை ட்ரிகர் கார்டில் அடிக்கும். அப்போது இரண்டும் உண்மையான எண்களே. பேரேடு தேடும்போது எந்தப் பெயருக்கு எந்த எண் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

மதராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்றவர்கள். குழலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு மதராஸில் செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. குழலைக் கழற்றிப் பார்த்தால் அடியில் இங்கிலாந்து ப்ரூஃப் முத்திரை இருக்கும். கல்கத்தாவின் மான்டன், ரோடா பெயர்களும் இதே கதைதான்.

பழைய லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணையும் ஒத்துப் பாருங்கள். ட்ரிகர் கார்டில் எழுத்து தேய்ந்துபோயிருந்தால் கண்ணில் பட்ட பேட்டன்ட் எண்ணையே சீரியல் நம்பர் என்று பதிந்துவிட்டது உண்டு. 1-ஐ 7 என்றும் 6-ஐ 0 என்றும் எழுதியதும் உண்டு. அதைத் திருத்த லைசென்ஸ் கொடுத்த அதிகாரிக்குப் படத்தோடு மனு எழுதுவதே வழி. புத்தகத்தில் உள்ளதற்கு ஏற்றபடி துப்பாக்கியை மாற்ற யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

முத்திரைகளின் காலக்கணக்கு

லண்டனில் கன்மேக்கர்ஸ் கம்பெனிக்கு 1637-லேயே சாசனம் கிடைத்தது. பர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸ் 1813-இல் பார்லிமென்ட் சட்டத்தால் அமைந்தது. நம் கையில் வருபவற்றில் பர்மிங்காம் முத்திரையே அதிகம். அதிர்ஷ்டவசமாகக் காலம் கணிக்கவும் அதுவே எளிது.

1904 வரை பர்மிங்காம் முத்திரை என்பது கிரீடத்தின் கீழ் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இரண்டு செங்கோல்கள். ஒன்றில் வி என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது பார்வைச் சோதனை. இன்னொன்றில் பி, பி, சி என்ற மூன்று எழுத்து இருக்கும்; அது வெடிச் சோதனை. 1904-இல் செங்கோல் போய்விட்டது. அதற்குப் பிறகு கிரீடத்தின் கீழ் பி.வி., கிரீடத்தின் கீழ் பி.பி., நைட்ரோ எனும் புகையற்ற மருந்துக்குச் சோதித்திருந்தால் கிரீடத்தின் கீழ் என்.பி. ஆகவே செங்கோலா, எழுத்தா என்ற ஒரு கேள்வியிலேயே 1904-க்கு முன்னா பின்னா என்று தெரிந்துவிடும்.

அடுத்து வைரக் கட்டத்தைத் தேடுங்கள். சாய்சதுரத்துக்குள் 12 என்றும் அதன் கீழ் சி என்றும் இருக்கும். தோட்டா அறையின் அளவைச் சொல்லும் குறி அது. நீண்ட அறையானால் எல்.சி. என்று வரும். இந்தக் கட்டம் 1887 விதிகளோடு வந்தது. கட்டம் இருந்தால் 1887-க்கு முந்தையதாக இருக்க முடியாது. செங்கோலும் கட்டமும் சேர்ந்து, இரண்டும் ஒரே காலத்தில் அடித்தவையாக இருந்தால் 1887-க்கும் 1904-க்கும் நடுவே. பதினேழு வருஷ வரம்பு ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

கட்டம் இல்லாமல் "நாட் ஃபார் பால்" என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் அது 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது. வாய்ப்பக்கம் சற்றே குறுக்கிய சோக் குழலில் உருண்டைக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை அது. 1887-க்குப் பிறகு அதற்குப் பதிலாக "சோக்" என்ற சொல் மட்டும் வந்தது.

"நைட்ரோ ப்ரூஃப்" என்ற சொல்லும் கூடவே ரவையின் உச்ச எடையும் இருந்தால் 1896 விதிகளோ அதற்குப் பிறகோ. புகையற்ற மருந்து பரவத் தொடங்கிய காலம் அது. சோதனை அப்போது கட்டாயமில்லை, விரும்பியவர்கள் செய்துகொண்டார்கள். அதனால் "நைட்ரோ" இல்லை என்பதை மட்டும் வைத்து 1896-க்கு முந்தையது என்று சொல்லிவிடக் கூடாது. முத்திரை இருப்பது சாட்சி. இல்லாதது அரைச் சாட்சி.

அறையின் நீளம் அங்குலத்தில், 2½ என்றோ 2¾ என்றோ அடித்திருந்தால் 1925 விதிகளுக்குப் பின். ஒரு சதுர அங்குலத்துக்கு 3 டன் அல்லது 3¼ டன் என்று அழுத்தம் எழுதியிருந்தால் 1954-க்குப் பின், போர் அளவு .729 போலத் தசமத்தில் வருவதும் அப்போதுதான். மில்லிமீட்டரும் பாரும் வந்தால் 1989-க்குப் பின்.

பர்மிங்காமில் இன்னொரு வசதி உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. 1921 ஜூலையிலிருந்து சோதித்த வருஷத்துக்கு ஓர் எழுத்து ரகசியக் குறியாக அடித்தார்கள். சிறு வட்ட முத்திரைக்குள் எழுத்து, பி என்ற குறி, சோதித்தவரின் எண். முதல் எழுத்தான ஏ 1921–22-ஐக் குறிக்கும், பி அதற்கடுத்தது. 1950-இல் வடிவம் மாறி, குறுக்காக வைத்த இரண்டு ஈட்டிக்கோடரிகளுக்கு நடுவே எழுத்துகள் வந்தன. அங்கே ஏ என்றால் 1950. அந்த வரிசை 1974 வரை ஓடியது. முத்திரைகளிலேயே மிகச் சிறியது இதுதான். பத்து மடங்கு உருப்பெருக்கி இல்லாமல் தேடினால் துருப்புள்ளி என்று தாண்டிப் போய்விடுவீர்கள். கிடைத்துவிட்டால் சீரியல் நம்பரே தேவையில்லை. சோதித்த வருஷம் கையில்.

லண்டன் முத்திரைகள் இவ்வளவு பளிச்சென்று மாறவில்லை. கிரீடத்தின் கீழ் வி, பின்னிக்கிடக்கும் ஜி.பி. இரண்டும் நெடுங்காலம் அப்படியே தொடர்ந்தன. நைட்ரோவுக்கு வாளேந்திய கை, அதன் கீழ் என்.பி. என்பது 1904-இல் வந்தது. மற்றபடி வைரக் கட்டம், அறை நீளம், டன் கணக்கு ஆகியவை லண்டனுக்கும் பொருந்தும். லண்டன் முத்திரை இருப்பதால் லண்டனில் செய்தது என்று எழுதிவிடாதீர்கள். பர்மிங்காம் பட்டறைகள் சில தங்கள் சிறந்த வேலையை லண்டனுக்கு அனுப்பிச் சோதித்து வாங்கின.

இரண்டு கால முத்திரைகள் ஒரே குழலில்

ஒரு குழலை எடுத்துக்கொள்வோம். பர்மிங்காம் பாக்ஸ்லாக் (சுத்தியல் உள்ளே மறையும் வகை), டமாஸ்கஸ் குழல் (இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டவைத்துச் செய்தது). தட்டைப் பரப்பில் செங்கோல் முத்திரைகள், வைரக் கட்டத்தில் 12சி, தனியாக 13/1. இவையெல்லாம் ஒரே ஆழத்தில், ஓரம் சற்று உருண்டு, உள்ளே கறுத்துக் கிடக்கின்றன. பக்கத்திலேயே கிரீடமும் என்.பி.யும், 2½ அங்குலம், 1⅛ அவுன்ஸ். இவற்றின் ஓரம் கூர்மையாக, உள்ளே வெளிறியிருக்கிறது. முதல் கூட்டம் 1887–1904. இரண்டாம் கூட்டம் 1925–1954. துப்பாக்கி செய்யப்பட்டது முதல் காலத்தில். கரிமருந்துக்கு மட்டும் சோதித்திருந்த அதை இரண்டாம் காலத்தில் யாரோ திருப்பி அனுப்பி நைட்ரோவுக்குச் சோதிக்க வைத்திருக்கிறார்கள். மறுசோதனை என்பதற்குக் கிரீடத்தின் கீழ் ஆர் என்ற எழுத்தும் இருக்கலாம். பிந்திய முத்திரையை மட்டும் பார்த்து 1930 என்று எழுதினால் குறைந்தது கால் நூற்றாண்டு பிசகும். முந்திய கூட்டமே பிறந்த காலம்.

இங்கே 13/1 என்பதற்கு உயிர் காக்கும் பயன் ஒன்று உண்டு. பழைய கணக்கில் 13 என்றால் .710 அங்குலம், 13/1 என்றால் .719, 12 என்றால் .729, 12/1 என்றால் .740. சோதித்தபோது குழலின் உள்விட்டம் குறைந்தது அவ்வளவு என்று பொருள். பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் போர் கேஜ் விட்டு அளந்து, எழுதியதைவிட 0.010 அங்குலம் கூடியிருந்தால் அந்தச் சோதனை இங்கிலாந்து விதிப்படி செல்லாது. 13/1 என்று இருக்கும் குழல் இப்போது .730 காட்டினால் துருவை எடுக்க யாரோ உள்ளே கடைந்திருக்கிறார்கள். சுவர் மெலிந்திருக்கும். வயது கணிக்க அந்த முத்திரை செல்லும், சுடுவதற்குச் செல்லாது.

அறையின் நீளத்தையும் அளந்துவிடுங்கள். 2½ அங்குலம் என்று அடித்த அறை அளக்கும்போது 70 மில்லிமீட்டர் வந்தால் பிற்காலத்தில் நீட்டப்பட்டது. நீட்டியவர் மறுசோதனைக்கு அனுப்பியிருந்தால் புது நீளம் முத்திரையில் இருக்கும். இல்லையென்றால் சுடாதீர்கள். நீட்டப்படாத 2½ அங்குல அறையில் 70 மி.மீ. தோட்டாவைப் போடுவதும் ஆபத்தே. தோட்டா உள்ளே போய்விடும், குழலும் மூடிக்கொள்ளும்; ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் குறுகும் பகுதிக்குள் போய் அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். 12சி என்று மட்டும் இருந்து நீளம் எழுதாத குழலை 2½ அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டமாஸ்கஸ் குழலை, எத்தனை முத்திரை இருந்தாலும், தேர்ந்த கன்ஸ்மித் சுவர் கனம் அளந்து சொல்லும்வரை சுவரில் மாட்டி வைப்பதே நல்லது.

பின்முனையிலிருந்து மூன்று அங்குல தூரத்தில் குழலைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்து, "ஸ்லீவ்டு" என்று அடித்திருந்தால், பழைய அடிப்பகுதியில் புதுக் குழல் செருகியது. அங்கே முத்திரை முழுக்கப் புதியதாகவே இருக்கும். துப்பாக்கியின் வயதுக்கு ஆக்‌ஷனில் உள்ள முத்திரையையும் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

அமைப்பும் முகவரியும்

காப்புரிமைகள் நல்ல வேலிகள். லண்டன் தயாரிப்பாளர் பர்டியின் அடித்தாழ் 1863. மேல் லீவரை அதோடு இணைக்கும் ஸ்காட் ஸ்பிண்டில் 1865. பித்தான் வைத்த ஆன்சன் முன்கட்டை 1872. தாழ் வைத்த டீலி அண்ட் எட்ஜ் முன்கட்டை 1873. சுத்தியல் உள்ளே மறையும் ஆன்சன் அண்ட் டீலி பாக்ஸ்லாக் 1875. சுட்ட தோட்டாக்கூட்டைத் தானே வெளியே எறியும் சவுத்கேட் எஜெக்டர் 1893. ஒரு பாகம் துப்பாக்கியோடு பிறந்ததென்றால் துப்பாக்கி அந்த வருஷத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. எஜெக்டரில் மட்டும் எச்சரிக்கை தேவை. கூட்டைச் சற்றே தூக்கி மட்டும் கொடுக்கும் சாதாரண எக்ஸ்ட்ராக்டரோடு வந்ததற்குப் பின்னாளில் எஜெக்டர் பொருத்துவது வழக்கமான வேலையாக இருந்தது.

வேலியின் மறுபக்கமும் உண்டு. அந்தக் காலத்து பிரிட்டிஷ் காப்புரிமை 14 வருஷம். அதுவரை மற்றப் பட்டறைகள் உரிமைத் தொகை கட்டி, பயன்பாட்டு எண்ணை அடித்துச் செய்தன. பாக்ஸ்லாக்கின் காப்புரிமை 1889-இல் முடிந்தது. வேறொரு பட்டறையின் பெயர் உள்ள பாக்ஸ்லாக்கில் ஆன்சன் அண்ட் டீலி பேட்டன்ட் என்றும் எண்ணும் இருந்தால் 1875–1889. முதலில் ஒதுக்கச் சொன்ன அந்தப் பேட்டன்ட் எண் இங்கே பயன்படுகிறது.

முகவரியும் அப்படித்தான். பர்டி 1826-இலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட் 314½. 1880-களின் தொடக்கத்தில் சவுத் ஆட்லி ஸ்ட்ரீட். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற இரட்டைப் பெயர் 1876-க்குப் பிறகு. நியூ பாண்ட் ஸ்ட்ரீட் 98 என்ற முகவரி 1960 வரை. வெப்லி அண்ட் ஸ்காட் என்ற சேர்க்கை 1897-இல் உண்டானது; பெயரில் "ரிவால்வர் அண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி" என்ற நீட்டம் 1906-இல் கழன்றது. ரிப்பில் வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட் என்று மட்டும் இருந்தால் 1906-க்குப் பின். பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை வைத்திருந்த ஆர்மி அண்ட் நேவி கடை, கோஆப்பரேட்டிவ் சொசைட்டி என்ற பெயரை 1934-இல் ஸ்டோர்ஸ் என்று மாற்றியது.

பெயரைப் பார்த்தே மயங்க வேண்டாம். புகழ்பெற்ற வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸை நினைவூட்ட "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று பெயரிட்டு பெல்ஜியத்தில் செய்து குவித்தார்கள். அடியில் நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்து இருந்தால் அது லீஜ் நகரத்து முத்திரை. நீள்வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893 அல்லது அதற்குப் பின். 1922-இலிருந்து லீஜிலும் வருஷ எழுத்து உண்டு. சிறிய ஏ 1922. ஸ்பெயினில் ஏ என்றால் 1927. இத்தாலியில் முதலில் ரோமன் எண், பிறகு எழுத்து: இரண்டு எக்ஸ் 1964, இரட்டை ஏ 1975.

எண்ணே வருஷம் சொல்லும் துப்பாக்கிகள்

பிரௌனிங் ஆட்டோ-5 அவற்றில் தெளிவானது. 69ஜி என்று தொடங்கினால் 1969-இல் செய்த லைட் ட்வெல்வ். 1970-களின் நடுவிலிருந்து வருஷத்தை இரண்டு எழுத்தாக மாற்றினார்கள்: இசட் 1, ஒய் 2, எக்ஸ் 3, டபிள்யூ 4, வி 5, டி 6, ஆர் 7, பி 8, என் 9, எம் 0. எண்ணுக்கு நடுவே ஆர்.டி. இருந்தால் 76, பி.என். இருந்தால் 89. இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

ரெமிங்டனில் குழலின் இடப்பக்கம், ரிசீவரை (குழல் பொருந்தும் நடு இரும்புப் பகுதியை) ஒட்டி உள்ள எழுத்துகளில் முதலாவது மாதம். "பிளாக்பவுடர்எக்ஸ்" என்பதன் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகளும் ஜனவரி முதல் டிசம்பர் வரை: பி ஜனவரி, எல் பிப்ரவரி, ஏ மார்ச், கடைசி எக்ஸ் டிசம்பர். அடுத்த எழுத்து வருஷம். ஆனால் 870 போன்ற மாடல்களில் குழல் கையாலேயே கழன்று மாறும். குறி சொல்வது அந்தக் குழலின் வயதை மட்டுமே.

வின்செஸ்டர் மாடல் 12-இல் எண் ரிசீவரின் அடியிலும் குழலோடு கழலும் பகுதியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணுக்கு வருஷம் சொல்லும் பட்டியல் தரும் வருஷத்தைக் குழலில் உள்ள வாசகத்தோடு ஒத்துப் பாருங்கள். தொடக்கத்தில் "மாடல் 1912" என்றே அடித்தார்கள். 1919-இல்தான் "மாடல் 12" ஆனது. வின்செஸ்டருக்குச் சேகரிப்பாளர்களிடையே புழங்கும் பட்டியலும், தொழிற்சாலையின் பாலீஷ் அறைப் பதிவிலிருந்து எடுத்த பட்டியலும் சில மாடல்களில் வருஷக் கணக்கில் வேறுபடும். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று குறித்துவிடுங்கள். அமெரிக்காவில் 1898 வரை செய்தது சட்டப்படி ஆன்டிக். ஒரு வருஷ வித்தியாசம் அங்கே வெறும் ஆர்வக் கேள்வியல்ல.

எண்ணே இல்லாத அமெரிக்கத் துப்பாக்கிகளும் உண்டு. 1968 சட்டத்துக்கு முன் எண் கட்டாயமில்லை. மலிவான ஒற்றைக்குழல்களில் பல எண்ணில்லாமலே வந்தன. எண் இல்லாததால் திருட்டுச் சரக்கு என்று முடிவு செய்ய வேண்டாம். ஆனால் எண் இருந்த இடத்தில் அரம் போட்ட பள்ளம் தெரிந்தால் தொடாமல் விலகிவிடுங்கள்.

பேரேட்டுக்கு எழுதும்போது

பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பாஸ், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்றவர்கள் தங்கள் பேரேட்டைக் காத்துவைத்திருக்கிறார்கள். எண்ணை மட்டும் அனுப்பினால் பதில் திருப்தியாக இராது. ட்ரிகர் கார்டில் உள்ள எண், குழலில் உள்ள எண், ரிப்பில் உள்ள முழு வாசகம் முகவரியோடு, போர், குழல் நீளம், தட்டைப் பரப்பின் மூன்று படங்கள், ஆக்‌ஷனின் இரு பக்கப் படம், இவ்வளவும் போக வேண்டும். போலிப் பெயர் என்றால் அவர்களே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பேரேட்டில் முடித்துக் கொடுத்த தேதி, முதலில் வாங்கியவர் பெயர், குழல் நீளம், கட்டையின் அளவு வரை இருக்கும். முதலில் எழுதிய குழல் நீளம் 30 என்று வந்து உங்கள் கையில் இருப்பது 28 என்றால், ஒன்று வாயை வெட்டியிருக்கிறார்கள், அல்லது குழல் மாறியிருக்கிறது. வாயில் இரண்டு குழலுக்கும் நடுவே ரிப்புகள் சேரும் இடத்தில் வெற்றிடம் தெரிந்தால் வெட்டியது. சோக் முழுக்கப் போயிருக்கும்.

பேரேடு இல்லாத பட்டறையானால் கிடைத்த வரம்பையே எழுதி வையுங்கள்: "பர்மிங்காம், 1887–1904, மறுசோதனை 1925–54, எண் மூன்று இடத்திலும் ஒன்று" என்று. அதைக் குறுக்கி 1895 என்று ஒரே வருஷமாக விற்பனைக்காரர் சொன்னால் எந்த முத்திரையை வைத்து என்று கேளுங்கள். படங்களையும் பென்சில் படிவத்தையும் லைசென்ஸ் நகலோடு ஒரே உறையில் போட்டுவையுங்கள். அடுத்த தலைமுறைக்குப் பெயர் மாற்றும்போது அதிகாரி கேட்கும் முதல் கேள்வி எண்ணைப் பற்றித்தான் இருக்கும். அதற்குள் ட்ரிகர் கார்டில் உள்ளது இன்னும் தேய்ந்திருக்கும்.